உங்களுக்குப் பிடித்ததை மழலை வகுப்புக்குக் கொண்டுவருவது எப்படி? தொடங்குவோருக்கான வழிகாட்டி

கிண்டர்கார்டனைத் தொடங்கிய ஜெர்மானியர் ஃப்ரோபெல், அதற்கு முன் பெர்லினில் கனிமப் படிகங்களோடு வேலை பார்த்தவர். பின்னாளில் குழந்தைகளுக்காக அவர் வகுத்த மரக் கனசதுரங்களில் அந்தப் படிகங்களின் சாயல் தெரியும். அங்கன்வாடியிலோ எல்.கே.ஜி.யிலோ ஆசிரியராக இருக்கும் உங்களுக்கும் அப்படி ஏதாவது ஒன்று பிடித்திருக்கும்.

1. கைக்கு எட்டுவதைத் தேர்ந்தெடுங்கள்

தோட்டம், தையல், பறவை பார்ப்பது, சமையல், கோலம் என எதுவும் சரி. குழந்தை தொட, முகர, கேட்க, நகர்த்த அதில் ஏதாவது இருக்க வேண்டும். நீங்கள் அதில் கெட்டிக்காரராக இருக்க வேண்டியதில்லை.

2. சின்னதாக உடையுங்கள்

கோலத்தையே எடுத்துக்கொள்வோம். சிக்குக் கோலம் போட்டுக் காட்டி அசத்த வேண்டாம்; பிள்ளைகள் வேடிக்கைதான் பார்ப்பார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு நீங்கள் புள்ளி வைத்துக் கொடுங்கள். புள்ளிக்கு ஒன்றாக ஊறுகாய் பாட்டில் மூடியை வைத்துக்கொண்டே எண்ணட்டும். நான்கு வயதில் புள்ளிகளைச் சாக்பீஸால் இணைக்கலாம். ஐந்து வயதில் 3 புள்ளி 3 வரிசை போதும். மாவைக் கிள்ளி எடுக்கும் விரல்கள்தான் நாளை பென்சில் பிடிக்கப் போகின்றன. எழுத்து எழுதச் சொல்லி அவசரப்படும் பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள்.

"கோலம் பொம்பளைப் பிள்ளைங்க வேலை" என்று ஒரு தந்தை சொல்லக்கூடும். வாதாட வேண்டாம். அவர் மகன் கையிலும் மாவைக் கொடுங்கள்.

3. ஆபத்தை முதலில் களையுங்கள்

கல்மாவும் கலர்ப்பொடியும் வேண்டாம். அரிசி மாவு போதும். பல்லாங்குழிப் பிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை: குன்றிமணி கடும் விஷம், வகுப்புக்குள் வரவே கூடாது. புளியங்கொட்டைகூட மூக்கிலோ தொண்டையிலோ சிக்கலாம். தோட்டப் பிரியர்கள் அரளியைத் தவிருங்கள்.

4. பாடத்திட்டத்தில் இடம் தேடுங்கள்

தனி நேரம் கேட்டு அலைய வேண்டாம். இந்த மாதக் கருப்பொருள் பூவா? பூக்கோலம். விலங்கா? மயில் கோலம். பதினைந்து நிமிடம் தாராளம்.

5. விட்டுக்கொடுங்கள்

அரிசி மாவுக்கு எறும்பு வரும். பிள்ளைகள் கோலத்தை மறந்து எறும்பின் பின்னால் போவார்கள். இழுத்து உட்கார வைக்காதீர்கள். அன்றைய பாடம் எறும்புதான். அவர்கள் கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரத் திட்டத்தை அதிலிருந்து எழுதுங்கள்.

இரண்டு வாரமாகியும் யாரும் மாவுக் கிண்ணத்தின் பக்கம் வரவில்லையா? கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டு, உங்களுக்குப் பிடித்த வேறொன்றைக் கொண்டுவாருங்கள்.