பாவிக்காத கடனட்டையை மூடலாமா?

கடந்த தவணைப் பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிப் போன பிறகும் ஒரு தாய் மட்டும் வகுப்பறை வாசலில் நின்றார். மகளின் புள்ளிகளைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"ரீச்சர், எங்கட வீட்டில ஒரு கடனட்டை சும்மா கிடக்குது. வீடு கட்டக் கடன் கேட்க முதல் அதை மூடுவம் எண்டு இவர் சொல்றார். கனடாவில இருக்கிற நானா, மூடினால் புள்ளி குறையும், மூடாத எண்டு சொல்றார். ஆற்ற கதையைக் கேக்கிறது?"

வர்த்தகக் கல்வி படிப்பிக்கிறவள் நான். ஆனாலும் உடனே பதில் வரவில்லை. கொக்குவிலில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டு அலுமாரியிலும் அப்படியொரு அட்டை கிடந்தது. அடுத்த கிழமை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

நானா சொன்னது வெறுங்கதை அல்ல. அமெரிக்காவில் ஃபெயார் ஐசாக் என்ற நிறுவனம் 1989இல் கொண்டுவந்த ஃபைக்கோ புள்ளி 300 முதல் 850 வரை போகும். அதில் 35 சதவீதம் தவணைகளை ஒழுங்காகக் கட்டியதற்கு. 30 சதவீதம் எவ்வளவு கடன் நிலுவையில் இருக்கிறது என்பதற்கு. 15 சதவீதம் கணக்குகளின் வயதுக்கு. மிகுதி 20 சதவீதம் புதிய கடன்களுக்கும் கடன் வகைகளுக்கும். அட்டையை மூடும்போது அடிபடுவது பெரும்பாலும் அந்த 30 சதவீதம்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவரிடம் 150,000 ரூபா எல்லையுள்ள ஓர் அட்டையும், 100,000 ரூபா எல்லையுள்ள பாவிக்காத அட்டை ஒன்றும் உண்டு. முதல் அட்டையில் 50,000 ரூபா நிலுவை. மொத்த எல்லையான 250,000இல் அவர் பாவித்திருப்பது 20 சதவீதம். இரண்டாவதை மூடினால் எல்லை 150,000 ஆகிவிடும். ஒரு சதம்கூடக் கூடுதலாகச் செலவழிக்காமலே பாவனை 33 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. 30ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது அங்கே வழக்கமாகச் சொல்லும் புத்திமதி. ஆனால் முதலில் நிலுவையை 15,000க்குக் குறைத்துவிட்டு மூடினால் பாவனை 10 சதவீதம்தான். ஆகவே மூடுவதா என்பதற்கு முன் எப்போது மூடுவது என்று கேட்க வேண்டும். 'பழைய கணக்கை மூடினால் வயது அழிந்துவிடும்' என்று பலர் பயப்படுவதும் அரைகுறை உண்மை. ஒழுங்காகக் கட்டி மூடிய கணக்கு அந்நாட்டு அறிக்கையில் 10 வருடம் வரை நிற்கும். அதுவரை அதன் வயதும் எண்ணப்படும்.

எங்கள் நாட்டில் இந்த வேலையைச் செய்வது இலங்கை கொடுகடன் தகவல் பணியகம். சனம் 'கிரிப்' என்கிறது. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டானது. அந்த ஆண்டைப் பார்த்ததும் என் மனம் வேறெங்கோ போனது. அதே 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோது, வாப்பா கடையில் விட்டுவந்தவற்றில் கடன் கொப்பியும் ஒன்று. யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்று அவருக்குப் பாதிதான் ஞாபகம் இருந்தது. பாதை திறந்த பிறகு கொக்குவில் சுருட்டுத் தொழிலாளி ஒருவர் வந்து, கொப்பியில் இருந்திருக்கக்கூடிய தொகையைத் தானே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். கடனை எழுதி வைக்கச் சொல்லும் சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே நீளமான வசனம் என்று வாப்பா அடிக்கடி சொல்வார். எழுதிய கொப்பியும் போய்விட்டால் என்ன செய்வது என்று சின்ன வயதில் நான் கேட்டிருக்கிறேன்.

இன்றைய கொப்பி அப்படித் தொலையாது. வங்கிக் கடன், லீசிங், கடனட்டை எல்லாம் அதில் ஏறும். 2011இல் தொடங்கிய இஸ்லாமிய வங்கியான அமானா வங்கியும் உரிமம் பெற்ற வங்கியே; வட்டியில்லாத முறாபஹா என்றாலும் தவணை தவறினால் அதுவும் தெரியவரும். யாரோ சொந்தக்காரரின் முச்சக்கர வண்டிக்குப் பிணை நின்று வைத்த கையெழுத்தும் பதிவாகும். பெற்றோர் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நம்மில் பலர் பிணையைக் கடனாகவே நினைப்பதில்லை.

என் சொந்த அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். யாரும் விண்ணப்பித்துத் தங்கள் அறிக்கையைப் பெறலாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாலு வருடமாகத் தொடாத அந்த அட்டையில் நிலுவை இருந்தது! வருடாந்தக் கட்டணம் விழுந்திருக்கிறது. கூற்று பழைய வீட்டு விலாசத்துக்குப் போயிருக்கிறது. தாமதக் கட்டணமும் வட்டியும் அதன்மேல் ஏறியிருக்கின்றன. பாவிக்காத அட்டைக்கு என்ன கட்டணம் என்று நினைத்த என் அசட்டையும் சேர்ந்த பிழை அது. மூடினால் புள்ளி குறையுமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மூடாமல் விட்டதுதான் என் பெயரைக் கெடுத்திருந்தது.

அந்தத் தாய்க்குத் தொலைபேசியில் சொன்னது இதுதான். நானா கனடாவில் வைத்திருக்கும் பழைய அட்டைக்குக் கட்டணம் இல்லையென்றால், அதை அவர் வைத்திருப்பது அவருக்குச் சரி. இங்கே கட்டணம் விழும் அட்டையைச் சும்மா வைத்திருக்க நான் சொல்லமாட்டேன். கடன் கொடுக்கும் வங்கி, பாவிக்காத அட்டையின் எல்லையையும் உங்களுக்குள்ள பொறுப்பாகக் கணக்கில் எடுப்பதுண்டு. முதலில் மற்ற அட்டையின் நிலுவையைக் குறையுங்கள். மூடும் அட்டையில் காப்புறுதியோ தொலைபேசிக் கட்டணமோ தானாகக் கழிகிறதா என்று பாருங்கள். கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டால் கணக்கு மூடாது. எழுத்தில் கேட்டு, நிலுவை பூச்சியம் என்ற கடிதத்தை வாங்குங்கள். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் அதே கிழமையில் இதைச் செய்யாமல் சில மாதம் முன்னதாகச் செய்யுங்கள்.

"கடனட்டை பாவிக்கிறது மார்க்கத்தில கூடுமா ரீச்சர்?" என்று கடைசியில் கேட்டார். அதை மௌலவியிடம் கேட்கச் சொன்னேன். கடிதத்தை மட்டும் பத்திரமாக ஒரு கோப்பில் போட்டு வைக்கும்படி இன்னொரு தரம் சொல்லிவிட்டு, என் கடிதம் எங்கே என்று அலுமாரியைத் திறந்து பார்த்தேன். இருந்தது.