மண்ணில் அடங்கும் உரிமை

ஒரு முஸ்லிம் மவுத்தாகிவிட்டால் உயிரோடிருப்போர் மீது நான்கு கடமைகள் சேருகின்றன. குளிப்பாட்டுதல், கபனிடுதல், ஜனாஸாத் தொழுகை, அடக்கம் செய்தல் ஆகியவையே அவை. இவை பர்ளு கிஃபாயா. சிலர் நிறைவேற்றினால் போதும். ஒருவருமே செய்யாவிடில் அனைவரும் குற்றவாளிகளாவர். ஆகவேதான் நம் உத்திரமேரூர் வட்டாரத்தில் நாலைந்து முஸ்லிம் வீடுகளே உள்ள சிற்றூரானாலும், அக்கம்பக்கத்து ஜமாஅத்தார் ஓடிவந்து கைகொடுக்க வேண்டியவர்களாகின்றனர்.

இக்கடமையை அரசாணையே தடுத்தால்? அண்டை நாடான இலங்கையில் அதுதான் நடந்தது. கொரோனாவால் இறந்த அனைவரையும் எரித்தே ஆகவேண்டும் என்று 2020 ஏப்ரல் 11-ல் வர்த்தமானி வெளியாயிற்று. அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், நிலத்தடி நீர் கெடும் என்று காரணம் சொல்லப்பட்டது. 2019 ஈஸ்டர் தினத்தில் சில கொடியவர்கள் செய்த பாதகத்திற்காக, சமுதாயம் முழுவதையும் ஐயத்தோடு நோக்கும் மனப்போக்கு அங்கே முன்பே வளர்ந்திருந்தது.

2020 டிசம்பரில், பிறந்து இருபதே நாளான பச்சிளம் குழந்தையும் பெற்றோர் இசையாமலே எரிக்கப்பட்டது. பெற்ற தாயின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்! கொழும்பு பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டித் துக்கம் தெரிவித்தனர். 2021 பிப்ரவரியில் ஆணை மாறியது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அரசு மன்னிப்பும் கேட்டது. எரிந்த மேனிகள் திரும்பவில்லை.

இவ்வாறு தடுக்கப்பட்ட குடும்பத்தார் மீது குற்றமில்லை. சக்திக்கு மீறியதை அல்லாஹ் சுமத்துவதில்லை. தூரத்திலிருப்போர் ஷாபிஈ மத்ஹபின்படி காயிப் ஜனாஸா தொழலாம். ஹனபி மத்ஹபில் அது இல்லை. துஆவும் ஸதக்காவும் செய்து நன்மையைச் சேர்த்து வைக்கலாம்.

வெறுப்பு எங்கு கொண்டு விடும் என்பதை 2019 மார்ச் 15-ல் நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் உலகம் கண்டது. ஜும்ஆவுக்கு வந்த 51 பேர் உயிரிழந்தனர். அந்த நாளையே இஸ்லாமிய வெறுப்பை எதிர்க்கும் தினமாக ஐ.நா. பொதுச்சபை 2022-ல் அறிவித்தது.

தாய்மார்களே! இவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பகையை ஊட்டிவிடாதீர்கள். ஒரு யூதரின் ஜனாஸா கடந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அதுவும் ஓர் ஆத்மாதானே என்று உணர்த்தினார்கள். நமக்குக் கேட்கும் கண்ணியத்தை அண்டை வீட்டாரின் மரணத்திற்கும் நாம் அளிப்போம். அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.