அலைகளுக்கு நடுவே ஒரு புள்ளி

நுழையும்முன்

திருவிழாக் கூட்டத்தில் யாரோ நம் பெயரைச் சொல்லி அழைக்கிறார். குரல் செவியை எட்டுகிறது. ஆனால், பேரிரைச்சலில் கரைந்துவிடுகிறது. கடலில் விரையும் ஆளில்லாச் சிறு படகைத் தேடும் ரேடாரின் நிலையும் இதுவே.

ரேடார், வானொலி அலைகளை அனுப்பி, பொருளின்மீது பட்டுத் திரும்பும் எதிரலையைப் பெறுகிறது. அலை சென்று திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுகிறது. 1935ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இராபர்ட் வாட்சன் வாட் இம்முறையில் வானூர்தியைக் கண்டறிந்து காட்டினார். வெறுமையான வானில் வானூர்தியின் எதிரலை தனித்துத் தெரியும். கடலோ வெறுமையானதன்று.

2024 பிப்ரவரி முதல் நாள், கிரிமியக் கரையோரம் இரஷ்யாவின் இவானோவெட்ஸ் என்னும் ஏவுகணைக் கப்பலை உக்ரைனின் ஆளில்லாப் படகுகள் மூழ்கடித்தன. உக்ரைன் பயன்படுத்தும் மகுரா வி5 வகைப் படகின் நீளம் 5.5 மீட்டர், நீருக்குமேல் தெரியும் உயரமோ ஏறத்தாழ அரை மீட்டரே.

இத்தகைய படகைக் கண்டறிவதில் தடைகள் மூன்று. முதலாவது, புவியின் வளைவு. 16 மீட்டர் உயரத்தில் ரேடார் பொருத்தப்பட்டிருப்பினும், ஏறத்தாழ 19 கிலோமீட்டருக்கு அப்பால் அப்படகு தொடுவானத்தின்கீழ் மறைந்துவிடும். இரண்டாவது, தொலைவு. தொலைவு இருமடங்கானால் எதிரலையின் வலிமை பதினாறில் ஒரு பங்காகக் குறையும். மூன்றாவது, கடலலை. ஒவ்வோர் அலைமுகடும் தன் எதிரலையைத் திருப்பி அனுப்புகிறது. படகின் மெல்லிய எதிரலை அவற்றுள் கலந்துவிடுகிறது.

எவ்வளவு வலிமையுள்ள எதிரலையைப் பொருளெனக் கொள்வது? வரம்பை உயர்த்தினால் படகு தப்பிவிடும். தாழ்த்தினால் திரையெங்கும் பொய்ப்புள்ளிகள் தோன்றும். எனவே, பொறியாளர்கள் வேறு அடையாளங்களை நாடுகின்றனர். நெருங்கிவரும் பொருளின் எதிரலையில் அதிர்வெண் சற்றே உயரும். டாப்ளர் விளைவு எனப்படும் இம்மாற்றம் விரைந்துவரும் படகைக் காட்டிக்கொடுக்கும். ஆனால், அலையோடு அலையாக மெல்ல நகரும் படகு எளிதில் பிடிபடாது. ரேடார் பலமுறை சுழன்று பார்க்கையில் அலைமுகடு தோன்றி மறையும். படகின் புள்ளியோ ஒரு பாதையில் தொடர்ந்துவரும். ஐயம் எழுந்தால் அகச்சிவப்புக் கேமரா துணைபுரியும்.

இப்படகு மணிக்கு ஏறத்தாழ 78 கிலோமீட்டர், அதாவது நிமிடத்திற்கு 1.3 கிலோமீட்டர், விரையக்கூடியது. 19 கிலோமீட்டரில் கண்டால் கால் மணி நேரம் கிடைக்கும், 2.6 கிலோமீட்டரில் கண்டால் இரண்டே நிமிடம்! அதற்குள், திரையில் தெரியும் புள்ளி வெடிபொருள் சுமந்த படகா, வலைவிரிக்க வந்த மீனவரின் தோணியா என்பதை ஒருவர் முடிவுசெய்ய வேண்டும். காணத் தவறினால் கப்பலில் உள்ளோர் மாள்வர். பிழையாகக் கண்டால் மீனவர் மாள்வார். ஆகவே, எதிரலையைப் பெறுவதினும் அதனைப் பிரித்தறிவதே அரிது. கருவியின் திறன் அளவிடப்பட வேண்டிய இடமும் அதுவே.

கற்பவை கற்றபின்

ரேடாரின் வரம்பை உயர்த்துவதா, தாழ்த்துவதா? வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து, காரணங்களுடன் கலந்துரையாடுக.