இளங்கர்ப்பமும் இரத்தச் சோதனையும்

சென்ற மாதம் ஒரு சகோதரியிடமிருந்து நமக்குக் கடிதம் வந்தது. மணமாகி நான்கு ஆண்டுகள் கழிந்து, இரண்டாம் முறையாகக் கருவுற்றிருக்கிறார். முதல் கரு தங்கிய சில வாரங்களிலேயே கலைந்துவிட்டது. ஆகவே இம்முறை ஐந்தாவது வாரத்திலேயே டாக்டரம்மா இரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. பார்க்கச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை மாலை 6 மணிக்கு எடுத்ததில் 410. புதன்கிழமை காலை 9 மணிக்கு எடுத்ததில் 590. "இரண்டு நாளில் இரட்டிப்பாக வேண்டுமே, ஆகவில்லையே!" என்று உறவுக்காரப் பெண் ஒருவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை மூன்றாவது சோதனை. இதற்கிடையில் இலேசாக உதிரமும் கண்டிருக்கிறது.

அவர் கேட்டிருந்த கேள்விகள் மூன்று. உதிரம் கண்டதால் தொழலாமா, கூடாதா? அழுகை நிற்கவில்லையே, இது ஈமானின் குறையா? அல்லாஹ் முடிவு செய்துவிட்டதற்கு இனித் துஆக் கேட்டு என்ன ஆகப் போகிறது?

மாதப் பத்திரிகையின் பதில் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேராது. அவருக்குத் தனியே எழுதிவிட்டோம். ஆனால் இதே நிலையில் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்திருக்கும் பெண்கள் பலர் இருப்பதால், அந்தப் பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்த எண் என்ன என்பதைத் தெரிந்துகொள்வோம். கரு கருவறையின் சுவரில் பதிந்ததும், பின்னாளில் நஞ்சுக்கொடியாக வளரவிருக்கும் அணுக்கள் ஒரு சுரப்பு நீரை உண்டாக்கித் தாயின் இரத்தத்தில் விடுகின்றன. அதன் அளவையே இச்சோதனை காட்டுகிறது. அது நாளுக்கு நாள் ஏறி, எட்டு முதல் பதினோரு வாரங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுப் பிறகு தானே இறங்கும். ஒரே வாரத்தில் இருக்கும் இரு பெண்களின் எண்கள் ஒன்றாக இருப்பதில்லை. பரவலாக அச்சிடப்படும் அட்டவணையில் ஐந்தாவது வாரத்துக்கு 18 முதல் 7,340 வரை என்று போட்டிருப்பதைக் காணலாம். ஆகவே அண்டை வீட்டுப் பெண்ணின் எண்ணோடு நம் எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதில் பொருளே இல்லை. நம்முடைய முதல் எண்ணோடு நம்முடைய இரண்டாம் எண்ணைத்தான், அதுவும் ஒரே பரிசோதனைக் கூடத்தில் எடுத்ததைத்தான், ஒப்பிட வேண்டும்.

"இரட்டிப்பாக வேண்டும்" என்பதும் சரியான கணக்கல்ல. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கழகம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, முதல் எண் 1,500-க்குக் கீழ் இருந்தால் 48 மணி நேரத்தில் குறைந்தது நூற்றுக்கு 49 பங்கு ஏற வேண்டும். முதல் எண் 3,000-ஐத் தாண்டியிருந்தால் 33 பங்கு ஏறினாலும் போதும். நம் சகோதரிக்கு ஏறியிருப்பது 44 பங்கு. குறைவுதானே என்று தோன்றும். ஆனால் திங்கள் மாலை 6 மணியிலிருந்து புதன் காலை 9 மணி வரை 39 மணி நேரம்தான் ஆகிறது! அதே வேகத்தில் 48 மணி வரை போயிருந்தால் 50 பங்குக்கு மேல் வரும். இடையில் விடுபட்ட ஒன்பது மணி நேரத்தை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணோ இரண்டு இரவுகள் உறங்கவில்லை.

இதனால் ஆபத்தே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. மெதுவாக ஏறும் எண், கரு நிலைக்காது என்பதற்கோ, கருவறைக்கு வெளியே கருக்குழாயில் தங்கிவிட்டது என்பதற்கோ அறிகுறியாகலாம். அறிகுறி வேறு, தீர்ப்பு வேறு. அதனால்தான் டாக்டரம்மா மூன்றாவது முறை வரச் சொல்கிறார். அதன் பின் ஸ்கேன் பார்க்கிறார். ஆறாவது வாரத்தை ஒட்டி ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரியத் தொடங்கும். அது தெரிந்துவிட்டால் பிறகு இந்த எண்ணைத் துரத்த வேண்டிய அவசியமில்லை.

இனி அழுகைக்கு வருவோம்.

மூஸா (அலை) அவர்களின் தாயாரைத் திருக்குர்ஆனின் அல்கஸஸ் அத்தியாயம் நினைவுகூர்கிறது. குழந்தையை ஆற்றில் விடும்படி அவருக்கு இறைவனே அறிவித்தான். திருப்பித் தருவதாக வாக்கும் கொடுத்தான். அப்படிப்பட்ட வாக்கு நம்மில் யாருக்குக் கிடைத்திருக்கிறது? இருந்தும் அவருடைய உள்ளம் வெறுமையாகிப் போயிற்று என்றும், அவன் உறுதிப்படுத்தியிராவிட்டால் இரகசியத்தையே வெளியிட்டிருப்பார் என்றும் 10-வது வசனம் தெரிவிக்கிறது. அந்தத் தாயை அங்கே யாரும் கடியவில்லை. ஈமானில் குறை என்று சொல்லவுமில்லை. அடுத்த வசனம் இன்னும் கவனிக்கத் தக்கது. பெட்டி போகும் வழியே கவனித்துக்கொண்டு செல் என்று தம் மகளை அவர் அனுப்புகிறார். வாக்கை நம்பினார், கரையோரமாக ஆளையும் அனுப்பினார். தவக்குல் என்றால் சோதனைக்குப் போகாமல் இருப்பது என்று எண்ணுவோர் இதை ஓதிப் பார்க்கட்டும். வெள்ளிக்கிழமை இரத்தம் கொடுக்கப் போவதும், அந்தச் சிறுமி கரையோரம் நடந்ததைப் போன்றதுதான்.

கண்ணீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. மகனார் இப்ராஹீம் (ரலி) உயிர் பிரியும் வேளையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கண்கள் நீர் சொரிந்ததை புகாரியும் முஸ்லிமும் அறிவிக்கின்றன. கண் அழும், உள்ளம் வருந்தும், இறைவனுக்குப் பிடிக்காததை நாவு சொல்லாது. இவ்வளவே எல்லை.

துஆவினால் என்ன ஆகும் என்ற கேள்விதான் கடிதத்தில் நம்மை அதிகம் வருத்தியது. ஒவ்வொரு பெண்ணும் சுமப்பதையும், கருவறைகள் குறைப்பதையும் அதிகமாக்குவதையும் அல்லாஹ் அறிகிறான் என்ற கருத்து அர்ரஃது அத்தியாயத்தின் 8-வது வசனத்தில் வருகிறது. குறைப்பது என்பதற்குக் கரு கலைந்து போவதும் பொருளென்று முஃபஸ்ஸிரீன்கள் விளக்கியிருக்கிறார்கள். மேலும், கருவறைக்கென்று ஒரு மலக்கு நியமிக்கப்பட்டிருப்பதாகவும், இப்போது துளி, இப்போது கட்டி, இப்போது சதை என ஒவ்வொரு நிலையையும் அவர் இறைவனிடம் அறிவிப்பதாகவும் அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் இருக்கிறது. பரிசோதனைக் கூடத்தின் காகிதம் வருவதற்கு முன்பே அங்கே கணக்கு வைக்கப்படுகிறது. விதியைத் துஆவன்றி வேறெதுவும் திருப்பாது என்ற கருத்தில் திர்மிதியில் ஹதீஸ் உண்டு. அந்தத் துஆவும் விதிக்குள் அடங்கியதே. கேட்பது வீண் என்று நினைப்பவர், எழுதியிருப்பது எது என்று தாம் பார்த்துவிட்டதாக நினைக்கிறார். கேட்பதற்குத் தனி வாசகம் தேடி அலைய வேண்டாம். ஸகரிய்யா (அலை) அவர்கள் தள்ளாத வயதில் பிள்ளை கேட்டது மெல்லிய குரலில்தான். தமிழில் கேட்டாலும் அவன் கேட்கிறான்.

வீட்டிலிருப்போருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எண் குறைந்தது என்றதும், "மாடி ஏறினாள், பப்பாளி தின்றாள், மஃரிபு நேரத்தில் வெளியே நின்றாள்" என்று மாமிமார்கள் பட்டியல் போடத் தொடங்குகிறார்கள். நாமறிந்த வரையில், தொடக்க வாரங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறையப் பாதி, கரு உருவாகும்போதே குரோமோசோம்களின் எண்ணிக்கையில் நேர்ந்த பிழையால் கலைகின்றன. மாடிப்படிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தெரிய வந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இப்படிப் போகின்றன. நம் வீட்டுப் பெண்கள் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்குமே என்று சொல்லாதீர்கள், அது ஷைத்தானின் வேலைக்கு வழி திறக்கும் என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது முஸ்லிம் ஷரீபில் பதிவாகியிருக்கிறது. மாமி அந்த வழியைத் திறக்காமல், ஒரு வேளை கஞ்சி வைத்துக் கொடுத்தால் போதும்.

தாமதிக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டையின் நுனியில் வலி, மயக்கம், மிகுந்த உதிரம் இவற்றில் எது கண்டாலும் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கலாகாது. தொழுகையில் இருந்தாலும் முறித்துவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கருக்குழாயில் தங்கிய கரு வளர வழியில்லை. குழாய் வெடித்தால் தாயின் உயிர் போகும். இத்தகைய கருவை மருந்தாலோ அறுவையாலோ நீக்குவது கருக்கலைப்புப் பாவமாகுமோ என்று அஞ்சிச் சிலர் தயங்குகிறார்கள். தாயின் உயிரைக் காக்கும் இச்சிகிச்சையை உலமாக்கள் அனுமதித்திருக்கிறார்கள். தயக்கத்துக்கு இங்கே இடமில்லை.

இனி மஸ்அலாக்கள். நம் நாட்டில் ஹனபிகளும் ஷாபிஈகளும் கலந்திருப்பதால் இரண்டையும் எழுதுகிறோம். அவரவர் மத்ஹபைப் பார்த்துக்கொள்க.

ஹனபி மத்ஹபில் கர்ப்பிணிக்கு ஹைளு இல்லை. ஆகவே கர்ப்பத்தில் காணும் உதிரம் இஸ்திஹாளாவே. தொழுகையை விடக் கூடாது. கழுவி, துணி வைத்து, ஒளுச் செய்து தொழ வேண்டும். ஷாபிஈ மத்ஹபில் கர்ப்பிணிக்கும் ஹைளு வரலாம். உதிரம் 24 மணி நேர அளவுக்குக் குறையாமலும் 15 நாட்களுக்கு மிகாமலும் இருந்து, அதற்கு முன் 15 நாள் சுத்தமும் இருந்திருந்தால் அது ஹைளு. எனவே ஷாபிஈயான பெண் உதிரம் கண்டதும் தொழுகையை நிறுத்திக்கொள்வாள்; 24 மணி அளவை எட்டாமலே நின்றுவிட்டால் விட்ட தொழுகைகளைக் களாச் செய்வாள். கடிதம் எழுதியவர் ஹனபி. அவர் மூன்று நாட்களாகத் தொழாமல் இருந்திருக்கிறார். மனம் சாய்ந்துகொள்ள மிகவும் வேண்டியிருந்த நாட்களில் முஸல்லா மடித்தே கிடந்திருக்கிறது. அவற்றைக் களாச் செய்துவிடலாம், கலங்க வேண்டாம்.

சோதனைக்கு ஊசியால் இரத்தம் எடுத்தால் ஹனபிக்கு ஒளு முறியும், ஷாபிஈக்கு முறியாது. நோன்பு எவருக்கும் முறியாது. கரு தங்குவதற்காகப் பெண்ணுறுப்பில் வைக்கச் சொல்லும் புரொஜெஸ்டிரான் மாத்திரையால் நோன்பு முறியும் என்பதே இரு மத்ஹபுகளின் பழைய சட்டம். 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச பிக்ஹு சபை முறியாது என்று தீர்மானித்திருக்கிறது. இப்தாருக்குப் பின்னும் ஸஹருக்கு முன்னும் வைத்துக்கொள்ள முடியுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டால் இந்தப் பேச்சே எழாது. கருவுக்கோ தனக்கோ கேடு வரும் என்று அஞ்சினால் நோன்பை விட்டுவிட்டுப் பின்னர் களாச் செய்யலாம். ஷாபிஈ மத்ஹபில் பிள்ளைக்காக மட்டும் அஞ்சி விட்டிருந்தால் களாவுடன் பித்யாவும் உண்டு.

கரு கலைந்துவிட்டால், ஹனபியில் வெளிவந்ததில் விரல், நகம் போன்ற உறுப்பு ஏதும் உருவாகியிருந்தால்தான் அந்த உதிரம் நிபாஸ். இல்லையென்றால் மூன்று நாட்களுக்குக் குறையாத உதிரமாக இருந்து முன்னால் 15 நாள் சுத்தமும் இருந்திருந்தால் ஹைளு, அல்லாவிட்டால் இஸ்திஹாளா. ஷாபிஈயில் வெளிவந்தது கட்டியாக இருந்தாலும், மனிதக் கருவின் மூலமே அது என்று மருத்துவம் அறிந்த பெண்கள் சொன்னால் நிபாஸ்தான். இளம் வாரங்களில் கலைந்ததற்குக் குளிப்பாட்டுதலும் ஜனாஸாத் தொழுகையும் இல்லை. கிடைத்ததைச் சுத்தமான துணியில் சுற்றி அடக்கிவிட வேண்டும். மருத்துவமனையில் நடந்தால், குப்பையோடு போகாமல் நம்மிடம் தரும்படி முன்கூட்டியே கேட்டுவைக்கலாம். மையவாடியின் ஓரத்தில் ஒரு முழக் குழி போதும். அதைத் தகப்பன் தன் கையாலேயே தோண்டி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அவளிடம் இன்ன இடம் என்று சொல்லட்டும்.