முதல் பில்லுக்குப் பிறகு ராஜினாமா

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் சொந்த வீடு, ஸ்ரீபெரும்புதூரிலோ சென்னையிலோ மாதச் சம்பளம், மனதில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. இப்படி இருப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. வேலையில் இருந்தபடியே இரவிலும் லீவு நாளிலும் தயாரிப்பை உருவாக்கலாம். வேலையை விட்டுவிட்டு, பிறருக்கு ஒப்பந்த வேலை செய்து வரும் காசில் அதை வளர்க்கலாம். சேமிப்பை நம்பி முழுமூச்சாக இறங்கவும் செய்யலாம். தனக்கு எவ்வளவு தைரியம் இருக்கிறது என்று பார்த்துத்தான் பலரும் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். என் கணக்கு வேறு. முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் தயாரிப்புக்குக் காசு கொடுத்துவிட்டாரா என்பதுதான் வழியைத் தீர்மானிக்க வேண்டும். மைத்துனர் கொடுத்ததும் கல்லூரி நண்பர் கொடுத்ததும் இதில் சேராது.

துணிந்து இறங்கியவர்களுக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் ஃப்ரெஷ்வொர்க்ஸ். அதன் நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் 2010-இல் ஸோஹோவை விட்டு வெளியேறினார். 2021 செப்டம்பரில் அவருடைய கம்பெனி நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. ஆனால் வேலையை விடும் முன்பே அவர் பல ஆண்டுகள் ஸோஹோவின் மென்பொருள் தயாரிப்புகளைக் கவனித்து வந்தவர். தெரிந்த சந்தைக்குள்தான் இறங்கினார். கோவை.கோ நிறுவனர் சரவணகுமார் லண்டனில் மைக்ரோசாஃப்டின் பிஸ்டாக் சர்வர் மென்பொருளுக்கு ஆலோசகராக இருந்தவர். அந்தத் தொழிலில் கண்ட சிரமத்துக்கு அவர் எழுதிய கருவிதான் பிஸ்டாக்360. வெளி முதலீடு வாங்காமலே கம்பெனி வளர்ந்தது. வென்றவர்களை மட்டும் எண்ணிப் பயனில்லை என்பது சரிதான். அமெரிக்கத் தரவுகளை வைத்து ஜோசப் ராஃபி, ஜீ ஃபெங் இருவரும் 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வேலையோடு சேர்த்துத் தொடங்கிப் பிறகு முழுநேரத்துக்கு மாறியவர்கள் தொழிலை மூடும் வாய்ப்பு, எடுத்த எடுப்பில் வேலையை விட்டவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று அதில் தெரிந்தது. விற்காது என்று கண்டுகொண்டவர்கள் வேலையை விடாமலே கைகழுவியிருப்பார்கள், அவர்கள் கணக்கில் வரமாட்டார்களே என்று கேட்கலாம். ஆய்வுக்கு அது ஓட்டையாக இருக்கலாம். சம்பளம் வாங்கும் குடும்பஸ்தருக்கு அதுதான் லாபம்.

வேலையோடு சேர்த்துத் தொடங்குவதற்கு வலுவான மறுப்பு வேலை ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாக 2022-இல் விப்ரோ 300 பேரை வெளியேற்றியது. அதே ஆண்டு இன்ஃபோசிஸ், முன் அனுமதி வாங்கினால் வெளிவேலை செய்யலாம் என்றது. ஆகவே உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை முதலில் எடுத்து வரிவரியாகப் படியுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு வரி நிரல்கூட எழுதாதீர்கள். கம்பெனியை மனைவி பெயரில் பதிவு செய்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று யோசனை சொல்ல ஆள் நிறைய உண்டு. நாளை முதலீடு தர வருபவரின் வக்கீல், நிரல் யாருக்குச் சொந்தம் என்றுதான் தோண்டுவார். அனுமதி கிடைக்காது என்றால் முதல் வழி உங்களுக்கு அடைபட்டது.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வாலாஜாபாத் தாண்டினால் ஒரகடம். ராயல் என்ஃபீல்டு, ரெனோ ஆலைகளும் அவற்றைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்கூடங்களும் இருக்கின்றன. அங்கே ஸ்டாக் கணக்குக்கோ மெஷின் பராமரிப்புக்கோ மென்பொருள் விற்க நினைப்பவர், பகலில் ஷிஃப்ட் நடக்கும்போது போய் நிற்க வேண்டும். பர்ச்சேஸ் மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை பேசமாட்டார். இத்தகையவருக்கு இரண்டாம் வழியே பொருந்தும். அதில் ஒரு பொறி உண்டு: ஒப்பந்த வேலை உடனே காசு தருவதால், தயாரிப்பு மூலையில் கிடக்கும். வாரத்தில் இரண்டு நாளை ஒப்பந்த வேலைக்குக் கொடுக்காமல் பிடித்துவைக்க முடிந்தவரே இதில் இறங்கலாம். சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. அதை நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிடாதீர்கள். தமிழக அரசின் டான்சீட் திட்டத்தில் ஆரம்ப மானியம் கிடைக்க வாய்ப்புண்டு. விண்ணப்பியுங்கள், வந்தால் சரி.

மூன்றாம் வழி, இரண்டாவது ஆர்டரும் கையில் உள்ளவருக்கு மட்டும். அவரும் ராஜினாமா தேதியைக் காலண்டர் பார்த்துக் குறிக்க வேண்டும். தொடர்ந்து ஐந்தாண்டு முடித்தால்தான் நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடை; மூன்று மாதம் பாக்கி என்றால் பொறுத்திருங்கள். கம்பெனியின் மருத்துவக் காப்பீடு பணியோடு போய்விடும், அப்பா அம்மாவுக்குத் தனி பாலிசி முதலில் எடுங்கள். வீட்டுக்கடன் தேவைப்பட்டால் சம்பளச் சீட்டு இருக்கும்போதே வாங்குங்கள்; தொழில் செய்பவரிடம் வங்கி சில ஆண்டு வருமானவரிக் கணக்குக் கேட்கும். வீட்டு வாடகை இல்லாதது ஏனாத்தூர்க்காரருக்குப் பலம்தான், ஆனால் அது செலவைக் குறைக்குமே தவிர வாடிக்கையாளரைக் கொண்டுவராது. ஆறு மாதம் தேடியும் காசு கொடுக்க ஒருவர் வரவில்லையா? வேலையிலேயே இருங்கள், தயாரிப்பை மாற்றுங்கள்.