முருகைக்கற்கள் ஏன் மடிகின்றன?



ஈழத்துக் கரைகளில் முருகைக்கல் என்றும், தமிழகத்தில் பவளப்பாறை என்றும் வழங்கப்படுவதைக் கல்லென்றே பலர் எண்ணுகின்றனர். அது சின்னஞ்சிறு உயிரிகள் கூடிக் கட்டிய குடியிருப்பாகும். கடல்நீரில் கரைந்துள்ள கல்சியத்தை எடுத்து, அவ்வுயிரிகள் தமக்குச் சுண்ணாம்புக் கூடு அமைக்கின்றன. அவற்றின் தசையினுள்ளே கண்ணுக்குத் தெரியாத அல்காக்கள் குடியிருந்து, ஒளித்தொகுப்பினால் உணவு ஆக்கி, வீட்டுக்காரருக்கும் பகிர்ந்தளிக்கின்றன. முருகையின் நிறத்திற்கும் அவையே பெருங்காரணம். ஆகவே ஒளி, தூய நீர், சுண்ணாம்பு, அளவான வெப்பம் ஆகிய நான்கில் ஒன்று தவறினும் இக்குடும்பம் குலையும்.

யேர்மனியில் பல இல்லங்களில் கடல்நீர்த் தொட்டி வைத்து முருகை வளர்க்கின்றனர். கடலிலிருந்து கொண்டுவந்த முருகைகள் ஒரு காலத்தில் இத்தொட்டிகளில் நெடுநாள் வாழவில்லை. காரணத்தை ஆராய்ந்தோருள் பேர்லின் நகரத்து மீன் வளர்ப்போர் முக்கியமானவர்கள். 1980களில் அவர்கள் நுண்ணுயிர்கள் நிறைந்த பாறைத் துண்டுகளைத் தொட்டியில் இட்டனர். கழிவை நுரையாக்கி அகற்றும் கருவியைப் பொருத்தினர். வலிமையான விளக்கை ஏற்றினர். குறையும் கல்சியத்தைத் தெளிந்த சுண்ணாம்பு நீரால் நிரப்பினர். இச்சுண்ணாம்பு நீரின் பயனை எடுத்துரைத்தவர் பீட்டர் வில்கென்ஸ் என்பவர். டீட்ரிச் ஸ்டூபர் என்ற பேர்லின் அன்பர் வளர்த்த முருகையின் கிளைகள் பல நாட்டுத் தொட்டிகளுக்கும் பரவின. உலகெங்கும் இது இன்று "பேர்லின் முறை" என்றே அழைக்கப்படுகின்றது. எங்கள் பாட்டிமார் வெற்றிலையில் தடவிய அதே சுண்ணாம்பு, பேர்லினில் முருகைக்கு உயிர் கொடுத்தது!

இனி, ஒரு தொட்டியில் முருகை மடியத் தொடங்கினால் என்ன செய்வது? பதற்றத்தில் ஒரே நாளில் விளக்கையும் நீரையும் மருந்தையும் மாற்றுவோர் உண்டு. அதனால் உண்மைக் காரணம் மறைந்துவிடும். நலிந்த உயிருக்கு மேலும் அதிர்ச்சியே மிஞ்சும். நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, அதன் பின்பே தணிக்கும் வழியை நாடுக என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் கூறும் ஒழுங்கே இங்கும் ஏற்றது.

முதலாவது, உற்று நோக்குதல். தசை இருக்க நிறம் மட்டும் வெளுத்தால், உள்ளிருந்த அல்காக்கள் வெளியேறின என்பது பொருள்; மிகுந்த வெப்பமோ திடீரென மிகுந்த ஒளியோ காரணமாகலாம். தசையே உரிந்து வெறுங்கூடு தெரிந்தால், நீரின் தன்மையை ஐயுற வேண்டும்.

இரண்டாவது, அளத்தல். வெப்பநிலை 24 முதல் 26 பாகை செல்சியஸ் வரை இருத்தல் நன்று. கோடையில் கூரையடி வீடுகளில் இது 30ஐத் தாண்டுவதுண்டு. உப்பு ஒரு கிலோகிராம் நீரில் ஏறத்தாழ 35 கிராமும், கல்சியம் ஒரு லீற்றரில் 400 மில்லிகிராமுக்குச் சற்று மேலும் இருக்க வேண்டும். காபனேற்று வன்மையைப் பல நாட்டவரும் "யேர்மானியப் பாகை" என்னும் அலகால் அளக்கின்றனர். 7 முதல் 9 பாகை வரை பொருத்தமானது. ஒரு பாகை என்பது லீற்றருக்கு 10 மில்லிகிராம் சுட்ட சுண்ணாம்புக்கு ஈடாகும்.

மூன்றாவது, அண்மையில் எது மாறியது என வினவுதல். புதிய விளக்கா? புதிய மீனா? புதிய மருந்தா?

நான்காவது, ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, விளைவைக் குறிப்பேட்டில் எழுதுதல்.

ஒரு பயிற்சியைப் பார்ப்போம். ஓர் இல்லத்துத் தொட்டியில் மீன்கள் நலமாக நீந்துகின்றன. முருகைகளும் நத்தைகளும் மட்டும் ஒவ்வொன்றாக மடிகின்றன. வெப்பம், உப்பு, வன்மை யாவும் சரியே. விளக்கும் மாறவில்லை. மீனுக்கு மருந்து எதுவும் இடவில்லை. மாறியது ஒன்றுதான்: வீட்டில் புதிய செப்புக் குழாய் பொருத்தப்பட்டது. ஆவியாகும் நீருக்கு ஈடாக நாள்தோறும் குழாய்நீரே ஊற்றப்படுகின்றது.

மீன் தாங்கும் அளவு செப்பு, முருகைக்கும் நத்தைக்கும் நஞ்சாகும். யேர்மனியில் குடிநீரில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் வரை செப்பு அனுமதிக்கப்படுகின்றது. அது மனிதருக்கு வகுத்த எல்லை. புதிய குழாயில் இரவு முழுதும் தேங்கிய நீரில் செப்பு கூடுதலாகக் கரையும். தொட்டியிலிருந்து ஆவியாவது நீர் மட்டுமே, செப்பு தங்கிவிடும். எனவே சிறுதுளி நாள்தோறும் சேர்ந்து பெருந்தீங்காகின்றது. முதலில் செப்பை அளந்து ஐயத்தை உறுதி செய்ய வேண்டும். பின்னர், நுண்சவ்வினூடாக வடித்த தூய நீரையே பயன்படுத்தி, பழைய நீரைச் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். குழந்தைக்கு ஏற்ற நீர் முருகைக்கும் ஏற்றதென்று கொள்வது தவறு என்பது இதனால் விளங்கும்.

தொட்டியில் கற்ற இப்பாடம் எமது கடலையும் விளக்கும். 1998ஆம் ஆண்டு இந்து சமுத்திரம் வழமையிலும் மிகுந்து சூடேறியபோது, இலங்கைக் கரைகளிலும் மன்னார் வளைகுடாவிலும் முருகைகள் வெளுத்துப் பெருமளவில் மடிந்தன. 2016இல் மன்னார் வளைகுடா மீண்டும் அவ்வாறே பாதிக்கப்பட்டது. மீன்குஞ்சுகளுக்கு மறைவிடமாகவும், அலையின் வேகத்தைத் தணிக்கும் அரணாகவும் நிற்பவை இப்பாறைகளே. அவை அழிந்தால் கரையோர மீனவரின் அடுப்பும் அணையும். தொட்டி சூடானால் மின்விசிறி வைத்துத் தணிக்கலாம்; கடலுக்கு அவ்வசதி இல்லை. காற்றில் காபனீரொட்சைட்டு பெருகுவதைக் குறைப்பதே அதற்குரிய மருந்து.

விடுமுறையில் தாயகம் செல்லும் பிள்ளைகள் முருகைத் துண்டுகளை நினைவுப் பொருளாகக் கொண்டுவருதல் வேண்டாம். அவை பன்னாட்டு உடன்படிக்கையால் பாதுகாக்கப்பட்டவை. உரிய பத்திரமின்றிக் கொணர்ந்தால் விமான நிலையச் சுங்கத்தினர் பறிமுதல் செய்வர்.

சிந்தித்து விடை எழுதுக:

1. ஆவியான நீருக்கு ஈடாக உப்பு நீரை ஊற்றினால் தொட்டியில் என்ன நிகழும்?

2. முருகை வெளுப்பதற்கும் அதன் தசை உரிவதற்கும் உள்ள வேறுபாடு யாது?

3. மேற்கண்ட பயிற்சியில் நத்தைகள் மடியாதிருந்தால், உமது ஐயம் எப்படி மாறும்?