கம்ப்யூட்டருக்கு செல்போனே மோடம்: 18 பயனுள்ள குறிப்புகள்

பராமரிப்புப் பணி என்று காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்துவார்கள். லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும். ஆனால் வைஃபை ரவுட்டர் அணைந்துவிடும். வீடு மாறும்போதும் புது பிராட்பேண்ட் இணைப்பு வரும்வரை சில நாள் சமாளிக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் கைகொடுப்பது நம் கையிலுள்ள செல்போன்தான்.

ஒரு காலத்தில் நோக்கியா போனை டேட்டா கேபிளில் மாட்டி, பிசி சூட் நிறுவி, *99# என்று டயல் செய்து காத்திருப்போம். 2010-இல் ஆண்ட்ராய்டு 2.2 வந்ததிலிருந்து அந்தச் சிரமம் இல்லை. மோடம் வேலையைப் போனே பார்த்துக்கொள்கிறது. இப்போது தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. குடத்தில் பிடித்துவைத்த தண்ணீரைக் குழாய்த் தண்ணீர் என்று நினைத்துச் செலவழிப்பதைப்போல, கம்ப்யூட்டர் போன் டேட்டாவை அள்ளி இறைத்துவிடும். அதைத் தடுக்கத் தெரிந்தால் போதும்.

இணைக்கும்போது

1. இணைக்க மூன்று வழிகள் உண்டு: வைஃபை ஹாட்ஸ்பாட், யுஎஸ்பி டெதரிங், புளூடூத் டெதரிங். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' அல்லது 'கனெக்‌ஷன்ஸ்' பகுதியில் இவை இருக்கும். ஐபோனில் 'பெர்சனல் ஹாட்ஸ்பாட்' என்று இருக்கும். கண்ணில் படவில்லை என்றால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'ஹாட்ஸ்பாட்' என்று அடித்தால் வந்துவிடும்.

2. ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதுவும் மேசையில் அசையாமல் இருக்கிறது என்றால் யுஎஸ்பி கேபிள்தான் சிறந்தது. இணைப்பு விட்டுவிட்டு வராது. போனுக்குச் சார்ஜும் ஏறும். இரண்டு மூன்று பேர் பயன்படுத்த வேண்டுமானால் வைஃபை ஹாட்ஸ்பாட். புளூடூத் மெதுவானது; மெயில் பார்க்க, எழுத்து வடிவச் செய்திகள் அனுப்ப மட்டும் போதும். ஆனால் வைஃபை ஹாட்ஸ்பாட்டைவிடப் பேட்டரியைக் குறைவாகத் தின்னும்.

3. கேபிளை மாட்டியும் யுஎஸ்பி டெதரிங் பட்டன் மங்கலாகவே இருக்கிறதா? முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். மலிவான கேபிள்கள் பலவற்றில் சார்ஜ் ஏற்றும் கம்பிகள் மட்டுமே இருக்கும். டேட்டா போகும் கம்பிகள் இருக்காது. போனுடன் பெட்டியில் வந்த கேபிளை எடுத்து மாட்டிப் பாருங்கள்.

4. வைஃபை வசதி இல்லாத பழைய டெஸ்க்டாப் வீட்டில் இருந்தால் அதற்கென அடாப்டர் வாங்க ஓட வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு போனில் வீட்டு வைஃபையை இணைத்துக்கொண்டு யுஎஸ்பி டெதரிங் போட்டால், வீட்டு இன்டர்நெட் போன் வழியாக டெஸ்க்டாப்புக்குப் போகும். மொபைல் டேட்டா செலவாகாது. போனின் மேற்பட்டையில் வைஃபை சின்னம் தெரிகிறதா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். விண்டோஸைப் புதிதாக நிறுவியபின் வைஃபை டிரைவர் இல்லாமல் தவிக்கும்போதும் இதே வழி கைகொடுக்கும்.

5. ஐபோனை விண்டோஸ் கம்ப்யூட்டரில் கேபிள் வழியாக இணைக்க, கம்ப்யூட்டரில் 'ஆப்பிள் டிவைசஸ்' அல்லது ஐடியூன்ஸ் இருக்க வேண்டும். இணைத்ததும் 'இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா' என்று போன் கேட்கும். ஆம் என்று சொன்னால்தான் வேலை நடக்கும். ஆண்ட்ராய்டு போனை ஆப்பிள் மேக்கில் கேபிளில் மாட்டினால் பல மாடல்களில் இணைப்புக் கிடைக்காது. அதோடு மல்லுக்கட்டாமல் வைஃபைக்கு மாறிவிடுங்கள்.

6. பழைய லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட் பெயரே தெரியவில்லை என்றால் போன் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிபரப்பிக்கொண்டிருக்கலாம். ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ஐபோன் 12-உம் அதற்குப் பிந்தைய மாடல்களும் என்றால் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்பதை ஆன் செய்யுங்கள். 2.4 சுவர்களைத் தாண்டி அடுத்த அறைக்கும் போகும். 5 அருகில் இருப்பவர்களுக்கு அதிக வேகம் தரும்.

7. ஹாட்ஸ்பாட் பெயரில் உங்கள் பெயரோ வீட்டு எண்ணோ வேண்டாம். அக்கம்பக்கத்தார் எல்லோர் போனிலும் அது தெரியும். ஐபோனில் போனின் பெயர்தான் ஹாட்ஸ்பாட் பெயராகவும் வரும். ஜெனரல், அபவுட் பகுதியில் மாற்றலாம். பாஸ்வேர்டு குறைந்தது 8 எழுத்துகள் இருக்க வேண்டும். 12345678 என்று வைப்பதும் வாசலைத் திறந்துபோடுவதும் ஒன்றுதான். உங்கள் இணைப்பில் யாரோ தகாத வேலை செய்தால் விசாரணை சிம் கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் முதலில் வரும்.

டேட்டாவைக் காக்க

8. இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்பவர்கள் இதைச் செய்யுங்கள். விண்டோஸில் நெட்வொர்க் செட்டிங்ஸ் போய், இணைந்திருக்கும் ஹாட்ஸ்பாட்டின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய்யுங்கள். இது அளந்து பயன்படுத்த வேண்டிய இணைப்பு என்று விண்டோஸுக்கு அப்போதுதான் புரியும். பெரும்பாலான அப்டேட்டுகளைத் தள்ளிவைக்கும். யுஎஸ்பி டெதரிங் விண்டோஸில் 'ஈதர்நெட்' என்று தெரியும். அதற்கும் தனியாக இதை ஆன் செய்ய வேண்டும். மேக்கில் இதற்கு இணையானது 'லோ டேட்டா மோட்'.

9. எல்லா மென்பொருளும் விண்டோஸ் சொல் கேட்டு நடக்கும் என்று நம்ப வேண்டாம். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றில் 'பாஸ்' கொடுத்து நிறுத்திவையுங்கள். பிள்ளைகள் விளையாடும் கம்ப்யூட்டர் என்றால் கேம் அப்டேட்டையும் நிறுத்துங்கள். ஒரே ஒரு கேமின் அப்டேட் பல ஜிபியை விழுங்கிவிடும்.

10. ஹாட்ஸ்பாட்டில் முதல்முறை இணையும்போது 'கனெக்ட் ஆட்டோமேட்டிக்கலி' என்ற பெட்டியில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பிராட்பேண்ட் கொஞ்சம் தடுமாறினாலும் லேப்டாப் சத்தமில்லாமல் உங்கள் போனுக்குத் தாவிவிடும்.

11. எது எவ்வளவு தின்னும் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நெட்ஃபிளிக்ஸில் குறைந்த தரத்தில் மணிக்கு சுமார் 0.3 ஜிபி, ஹெச்டி என்றால் 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி கிடைக்கும் பிளானில் ஹெச்டி படம் அரை மணி நேரத்திலேயே கோட்டாவைக் காலி செய்துவிடலாம். போனில் பார்ப்பதைவிட லேப்டாப்பில் யூடியூப் அதிகத் தரத்தைத் தானாகவே தேர்ந்தெடுக்கும். வீடியோவின் செட்டிங்ஸ் சக்கரத்தைத் தட்டி 480பி-க்கு இறக்குங்கள். வீடியோ மீட்டிங்கில் நீங்கள் பேசாத நேரத்தில் கேமராவை அணைத்துவைத்தால் டேட்டா பெருமளவு மிச்சம்.

12. நம் நாட்டு பிரீபெய்டு பிளான்கள் பலவற்றில் அன்றைய கோட்டா முடிந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். அந்த வேகத்தில் 5 எம்பி கோப்பு ஒன்றை இறக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகவே மாலையில் முக்கியமான மீட்டிங் இருந்தால் காலையில் வீடியோ பார்க்காதீர்கள். பெரிய கோப்பு இறக்க வேண்டுமா? இரவு 11 மணிக்கு மேல் தொடங்குங்கள். அன்று மிச்சமிருப்பதும் வீணாகாது. 12 மணிக்குப் புது கோட்டாவும் சேர்ந்துகொள்ளும்.

13. 'அன்லிமிடெட் 5ஜி' பிளான் வைத்திருப்பவர்கள் போனின் மேற்பட்டையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 5ஜி சின்னம் போய் 4ஜி வந்துவிட்டால் அந்த நேரத்தில் செலவாவது அன்றாடக் கோட்டாவிலிருந்துதான். வீட்டில் எந்த மூலையில் 5ஜி நிலையாக நிற்கிறது என்று கண்டுபிடித்து அங்கே போனை வையுங்கள்.

14. வேகம் எவ்வளவு என்று அடிக்கடி ஸ்பீடு டெஸ்ட் ஓட்டாதீர்கள். நல்ல 5ஜி இணைப்பில் ஒருமுறை ஓட்டினாலே நூறு எம்பிக்கு மேல் போய்விடக்கூடும். இதுவரை செலவானது எவ்வளவு என்று பார்க்க விண்டோஸிலேயே 'டேட்டா யூசேஜ்' பக்கம் இருக்கிறது. எந்த மென்பொருள் எவ்வளவு தின்றது என்பதையும் அது காட்டிக்கொடுக்கும்.

சிக்னலும் சூடும்

15. கம்ப்யூட்டர் பக்கத்திலேயே போன் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. டவர் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் ஜன்னலோரம் போனை வைத்துவிட்டு, வைஃபை வழியாக லேப்டாப்பை இணையுங்கள். கான்கிரீட் சுவர், இரும்பு பீரோ, உள்ளறை எல்லாம் சிக்னலைக் குறைக்கும். ஆனால் நேர் வெயில் படும் இடத்தில் வைக்க வேண்டாம்.

16. ஹாட்ஸ்பாட் ஓடும்போது போன் சூடாகும். சார்ஜரிலும் போட்டால் சூடு இன்னும் ஏறும். உறையைக் கழற்றிவிட்டு, காற்றாடும் மேசைமேல் வையுங்கள். தலையணைக்கு அடியிலோ மெத்தைமேலோ வேண்டாம். அளவுக்குமேல் சூடானால் வேகமும் குறைந்துவிடும். ஒருவரும் இணைந்திருக்காதபோது ஹாட்ஸ்பாட் தானாக அணையும் வசதி பல போன்களில் உண்டு. அதை ஆன் செய்துவையுங்கள். மின்வெட்டு நேரத்தில் யுஎஸ்பியில் மாட்டினால் போன் லேப்டாப்பின் சார்ஜைத்தான் உறிஞ்சும் என்பதையும் மறக்காதீர்கள்.

17. இரண்டு சிம் போட்ட போனில், டேட்டா தராத சிம்முக்கு அழைப்பு வந்து நீங்கள் பேசத் தொடங்கினால், பல போன்களில் டேட்டா நின்றுவிடும். மீட்டிங் பாதியில் அறுந்துபோகும். இன்டர்வியூ, ஆன்லைன் தேர்வு போன்ற நேரங்களில் மற்ற சிம்மைத் தற்காலிகமாக அணைத்துவைப்பதே நல்லது. அழைப்பு வர வேண்டிய எண்ணுக்கு வேறு போன் ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

18. மேசை இழுப்பறையில் தூங்கும் பழைய 4ஜி போனில் தனி சிம் போட்டு மோடமாகவே வைத்துவிடலாம். அன்றாடப் போனின் பேட்டரி தப்பிக்கும். ஆனால் அதை நாள் முழுக்கச் சார்ஜரிலேயே விடக் கூடாது. பின்பக்க மூடி லேசாக உப்பியிருப்பது தெரிந்தால் பேட்டரி வீங்கிவிட்டது என்று பொருள். அந்தப் போனைச் சார்ஜ் செய்வதை உடனே நிறுத்தி, கடையில் கொடுத்து பேட்டரியை மாற்றுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. அவசரத்துக்கும் பயணத்துக்கும் வீடு மாறும் நாட்களுக்கும் செல்போன் மோடம் போதும். வங்கி வேலையைப் பொது இடத்து இலவச வைஃபையில் செய்வதைவிட இதில் செய்வது பாதுகாப்பும்கூட. ஆனால் வீட்டில் இரண்டு பேர் தினமும் வீடியோ மீட்டிங்கில் உட்கார்ந்து, பிள்ளைகளும் ஆன்லைனில் படிக்கிறார்கள் என்றால், டேட்டா தீரத் தீர டாப்அப் போட்டுக்கொண்டிருப்பதைவிடப் பிராட்பேண்ட்தான் கட்டுப்படியாகும். எப்படியானாலும், தேவை வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே ஒருமுறை போனைக் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்துவிடுங்கள். இன்டர்வியூ தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பாஸ்வேர்டு தேடுவது யாருக்கும் வேண்டாம்.